முன் வாங்கில் ஒரு சிவப்பு வாளி

மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, எமிலியின் தாய் ஹெலன் தைத்த அந்த முழந்தாள் மெத்தை சாமியறையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் இருக்கிறதா என்று கேட்டாய். ஓம் என்று சொன்னேன். அது அங்கே இருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நாள் முதல் அலுமாரியின் கீழ்த்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில்தான் கிடந்தது. இப்போது அதை வெளியே எடுத்து, நான் எழுதுகிற மேசையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு எழுதினால்தான் பொய் வராது என்று நினைக்கிறேன்.

அதே பேச்சில்தான் நீ மற்றதையும் சொன்னாய். "கோயில் வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டம் அம்மா. டவுன் ஹோலில கலியாண எழுத்து மட்டும். எமிலிதான் சொன்னவள். உங்களுக்கு மனம் நொந்த இடத்தில தனக்குக் கலியாணம் வேண்டாமாம்." நான், "உங்கடை விருப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கோயில் தொட்டியில்தான் எமிலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தக் கோபுரத்தில்தான் அவளுடைய தகப்பன் மணிக்கயிறு இழுத்தார். வாசலுக்கு வலப்பக்கத்து மரத்தின் கீழே அவரைப் புதைத்திருக்கிறார்கள். அவ்வளவையும் அந்தப் பிள்ளை எனக்காக விட்டுக்கொடுக்கிறாள். நான் சொன்ன காரணத்துக்காக விட்டுக்கொடுக்கிறாள். நான் சொன்ன காரணம் சரியான காரணம் அல்ல. அதை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் எனக்குப் பாதியில் நிறுத்தத் தெரியும். வாசித்து முடித்ததும் இதை எமிலிக்கும் அவளுடைய தாய்க்கும் இங்கிலீஷில் சொல். எனக்காக ஒரு வரியையும் மென்மையாக்காதே. நீ அப்படிச் செய்யக்கூடிய பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கோயில் எனக்குப் பிடித்திருந்தது. இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. இந்தப் பலெர்மோ நகரத்துக் கோயில்களுக்குள் போனால் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. பொன், பல நிறப் பளிங்கு, மூலைக்கு மூலை சிறகு முளைத்த கொழுத்த குழந்தைச் சம்மனசுகள். அங்கேயோ வயலுக்கு நடுவில், சாம்பல் நிறக் கற்சில்லுகளைச் சாந்தில் பதித்துக் கட்டிய சுவரோடு, சதுரக் கோபுரத்தோடு, யாரையும் கூப்பிடாமல் அது பாட்டுக்கு நின்றது. சேமக்காலை வாசலில் ஒரு சின்னக் கூரை. பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை அதன் கீழே இறக்கிவைப்பார்களாம். கோயில் கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கல்லிருக்கை உள்ள ஒரு மண்டபம். முன்னொரு காலத்தில் கலியாணத்தையே அந்த மண்டபத்தில்தான் செய்து வைத்தார்கள் என்று ஹெலன் சொன்னார். உள்ளே போனதும் எட்டுப்பட்டை ஞானஸ்நானத் தொட்டி, அதன் மேல் தேவாலயக் கோபுரம் போலவே செதுக்கிய கருவாலி மர மூடி. அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த தோணியின் உட்புறம் போல மரக்கூரை, ஒவ்வொரு உத்தரத்தின் நுனியிலும் சிறகு விரித்த மரச் சம்மனசு. பலகணிகளில் நிறக் கண்ணாடி அதிகம் இல்லை. வெளிச்சம் வெளிச்சமாகவே விழுந்தது.

பீடத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு மரத்தடுப்பு இருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் பலகைகளில் பழைய காலத்துப் புனிதர்களை வரைந்திருந்தார்கள். உடுப்பின் மடிப்புகூட அழியவில்லை, முகங்களை மட்டும் யாரோ ஆணியால் சுரண்டியிருந்தார்கள். உருவத்தை வணங்குவது பாவம் என்று நினைத்த ஒரு காலத்தில், பக்தியின் பெயரால் செய்த வேலை அது என்றார் ஹெலன். "என்ன மனிதர்கள்!" என்று நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்.

வேதப் புத்தகத்தை விரித்துவைத்து வாசிக்கிற மேடையில், அதைத் தாங்கி நிற்கிற வெண்கலக் கழுகின் இறக்கைக்கு அடியில் நான் விரலால் தடவிப் பார்த்தேன். தூசு இல்லை. ஹெலன் கண்டுவிட்டார். "நான் பாஸா, பெயிலா?" என்று சிரித்தார். கோபுரத்தின் அடியறையையும் காட்டினார். கம்பளி சுற்றிய மணிக்கயிறுகள் மேலேயிருந்து தொங்கின. ஒரு திரைக்குப் பின்னால் தும்புத்தடி, நிலம் துடைக்கிற தடி, வாளிகள். கோயிலைக் கூட்டித் துடைக்க ஊரார் முறை வைத்திருக்கிறார்களாம். டொக்டரின் மனைவிக்கு ஒரு கிழமை, பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு கிழமை. "இந்தக் கிழமை என் முறை" என்று ஹெலன் பெருமையாகச் சொன்னார். இவர்களுக்கு வாளி ஒரு விளையாட்டு, அலுத்தால் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது முழுக்கப் பிழையான எண்ணம் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதை நினைத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

ஏனென்றால் அதற்கு முதல்நாள் ஹெலன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உங்கள் கணவர் என்ன வேலை செய்தார் என்று அவர் கேட்டபோது, நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறுகிறவராக இருந்தார் என்று சொன்னேன். பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தவரைக்கும் அதுதான் அவருடைய வேலை. அதோடு நிறுத்திவிட்டேன். பலெர்மோவில் அவர் சாகும்வரை செய்த வேலையை நான் வாயில் எடுக்கவில்லை. நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஹெலன், "அழகான வேலை" என்று மட்டும் சொல்லி, எனக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தார். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தைத்து முடித்த மெத்தை கோயிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே ஆட்கள் இருக்கிற ஒவ்வொரு நீள மர வாங்கின் முன்னாலும் கொளுக்கியில் ஒரு மெத்தை தொங்கும். பாண் றாத்தல் அளவு, தடித்தது, செபிக்கும்போது நிலத்தில் வைத்து முழந்தாளிடுவதற்கு. ஊரில் செத்தவர்களுடைய பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் கம்பளி நூலால் அதில் தைக்கிறார்கள். ஒன்றில் உழவு இயந்திரம், ஒன்றில் பாண் சுடுகிறவரின் தட்டு, ஒன்றில் தபால்காரரின் சைக்கிள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, தையலை மனதுக்குள் திருத்திக்கொண்டே வந்தேன். எமிலி முன் வாங்கின் சின்னக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, நீ சொல்லிக்கொடுத்த தமிழில் கூப்பிட்டாள். "மாமி, இஞ்சை வாங்கோ."

வாளியைக் கண்டேன். சிவப்பு வாளி, அதில் சாய்ந்தபடி நிலம் துடைக்கிற தடி, ஓரத்தில் ஒரு எலுமிச்சங் கொப்பு. கீழே தமிழ் எழுத்தில் உன் அப்பாவின் பெயர்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னதை நானே எழுத வேண்டும். "எழுத்தெண்டால் சரஸ்வதி. அதுக்கு மேல முழங்காலை ஊண்டிறதோ? செத்த மனுசன்ர பேரை நிலத்தில போட்டு மிதிக்கிறதோ?"

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ. அவைக்கு உது தெரியாது."

"தெரியாட்டிக் கேட்கிறது!"

"என்னைக் கேட்டவை. நான்தான் பேரைக் கட்டம் கட்டமாக் கீறிக் குடுத்தனான். பிழை என்ர."

அப்படிச் சொல்லிவிட்டு நீ அவர்கள் பக்கம் திரும்பி, எங்களுடைய சமயத்தில் எழுத்து தெய்வம், அதில் கால் படக் கூடாது, அம்மா கோபப்பட்டது நியாயம் என்று இங்கிலீஷில் விளக்கினாய். ஹெலனின் முகம் வெளிறிவிட்டது. "நான் யோசிக்கவே இல்லை, மன்னித்துவிடுங்கள்" என்று என் கையைப் பிடித்தார். பெண் பாதிரியார் ஓடிவந்து, இதைச் சுவரில் உயரத்தில் மாட்டலாமே என்று கேட்டார். "நன்றி, வேண்டாம். எங்கள் சாமியறையில் வைத்துக்கொள்கிறேன்" என்று கன்னியாஸ்திரிகள் கற்றுத்தந்த இங்கிலீஷில் சொல்லி, மெத்தையைக் கொளுக்கியிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். எல்லோரும் அது பக்தி என்று நினைத்தார்கள். வாளி வெளியே தெரியாதபடி அணைத்திருந்தேன், மகனே.

எழுத்தின் மேல் முழங்கால் படுவது எனக்குக் கூச்சம்தான். அதை நான் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அது இரண்டாவதாக வந்த எண்ணம். வாளியைக் கண்டதும் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். இன்னுமொன்றும் உண்டு. கொன்வென்றில் படிக்கிற காலத்தில், காலஞ்சென்ற ஒரு மதரின் பெயரைச் சிற்றாலயத்து முழந்தாள் மெத்தையில் தைத்தவள் நான். சைவப் பிள்ளையாக இருந்தும் தையல் நேர்த்தி என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். அந்தப் பெயரின் மேல் முழு மடமும் முழந்தாளிட்டது. அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்தக் கோயிலில் நின்ற தமிழர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பக்கத்துக் கொளுக்கியையும் நான் பார்த்தேன். அதில் எமிலியின் தகப்பனுடைய மெத்தை தொங்கியது. குழாய் வேலை செய்தவர் அல்லவா, ஒரு ஸ்பனரும் ஒரு தண்ணீர்க் குழாயும் தைத்திருந்தார்கள். ஹெலன் தன் புருசனுக்குத் தைத்ததையும் என் புருசனுக்குத் தைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். கலியாணத்தன்று இரண்டு தகப்பன்மாரும் முன் வாங்கில் இருக்கட்டும் என்று. யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. விளங்கிக்கொண்டுதான் கழற்றினேன்.

என் வெட்கத்துக்கு வயது அதிகம். பலெர்மோவுக்கு வந்த பிறகு அப்பா பெரிய கட்டடங்களின் மாடிப்படிகளைக் கழுவினார், நான் பணக்காரச் சின்யோராக்களின் வீடுகளில் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கினேன். ஊருக்கு எழுதும்போது அவர் ஒரு கொம்பனியில் இருக்கிறார் என்று எழுதினேன். உன் வகுப்புப் பெடியன் ஒருவன் குடியிருந்த கட்டடத்தைக் கழுவுகிற வேலை அவரிடம் வந்தபோது நான் அவரிடம் சொன்னேன்: "பெடியங்கள் இறங்கி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கோ. பிள்ளைக்கு வெக்கமா இருக்கும்."

"திரும்பி நிண்டால்? என்ர முதுகை அவனுக்குத் தெரியாதோ?" என்று அவர் சிரித்தார். ஆனால் நான் சொன்னபடிதான் நின்றார்.

அவர் சொன்னதுதான் சரியாயிற்று. நீ கூட்டாளியோடு இறங்கி வந்தாய், முதுகைக் கண்டாய், "அப்பா, வாளியைத் தாங்கோ" என்று வாங்கி அடுத்த மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். இது யார் என்று அவன் கேட்டதற்கு, என்னுடைய அப்பா என்று இத்தாலியனில் சொன்னாயாம். அவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஆறும்வரைக்கும் அந்தக் கதையைத்தான் சொன்னார். நான் அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. கணக்கில் புள்ளி குறைந்ததற்குத்தான் அம்மா கோபம் என்று நீ நினைத்தாய். அப்படியே நினைக்க விட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தக் கோயிலில் செய்ததும் அதேதான். ஒன்றுக்குக் கோபப்பட்டு, வேறொன்றைக் கையில் கொடுத்துவிடுவது. கலியாணம் கட்டப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். எமிலியோடு கோபப்படு, பரவாயில்லை. எதற்குக் கோபம் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லாதே. மாற்றிச் சொன்னால் அந்தப் பிள்ளை செய்யாத பிழையைத் திருத்திக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

நீ தொலைபேசியில் சொன்னதற்கு மறுநாள் மத்தியானம், ஜன்னல் சட்டங்களை இறக்கிவிட்டு, சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாளியின் தையலைப் பிரித்துவிட்டால், பெயரும் எலுமிச்சங் கொப்பும் மிஞ்சும். அதைக் கொண்டுவந்து கொடுத்து, இனிக் கோயிலிலேயே செய்யுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்று திட்டம். முகத்தைச் சுரண்டினவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினவள்தான் நான். கைப்பிடியைப் பிரித்தேன். மிச்சத் தையல் இறுக்கமாக இருந்தது, முன்பக்கத்தால் அசையவில்லை. அடித்துணியை மூட்டிய தையலை வெட்டித் திருப்பினேன்.

எங்களுக்குத் தையல் படிப்பித்த சிஸ்டர் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். அந்தப் பழக்கத்தில் நானும் பார்த்தேன். தமிழ் எழுத்துகளைச் சுற்றி ஊசித் துளைகள். தைத்து, பிரித்து, மறுபடி தைத்து, மறுபடியும் பிரித்த துளைகள். எழுத்தின் ஒவ்வொரு வளைவிலும் அப்படி. ஹெலனின் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதை அந்தச் சாப்பாட்டு மேசையில் நான் கவனித்திருந்தேன். கரண்டியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே பரமேஸ் கதவைத் தட்டினாள். அவளை உனக்குத் தெரியும், அப்பாவோடு படி கழுவினவள், இப்போதும் பிரான்காச்சோவிலிருந்து பஸ்ஸில் வந்து பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு என்னிடமும் ஏறிப் பார்ப்பாள்.

"அக்கா, திறவுங்கோ! உங்கட மூண்டு மாடியும் ஏறி என்ர சீவன் போச்சு." உள்ளே வந்தவள் மேசையைப் பார்த்தாள். "ஐயோ, அண்ணையின்ர வாளி!"

"எந்த அண்ணை?"

"விளையாடுறியளோ? பேரும் போட்டிருக்கு. ஆர் தைச்சது?"

"மகனுக்குப் பொம்பிளையின்ர தாய். இங்கிலாந்தில, தங்கட கோயில்ல வைக்க."

"கோயில்லையோ! எங்கட வாளி கோயில்லையோ!" பரமேஸ் கையைத் தட்டினாள். "என்ர தும்புத்தடியையும் ஒருக்காத் தைக்கச் சொல்லுங்கோ அக்கா. நானும் அப்பிடியே மோட்சம் போறன்." பிறகு குனிந்து பார்த்தாள். "கைப்பிடி எங்கை? பிஞ்சுபோச்சோ?"

"நான்தான் பிரிச்சனான்."

"ஏன்?"

மெத்தையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். "சரி, தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனாள். கேத்தலில் தண்ணீர் பிடிக்கிற சத்தத்தோடு அவளுடைய குரலும் வந்தது. "அக்கா, கோவிக்காதையுங்கோ. அண்ணை படியில நிக்கிறது உங்களுக்கு வெக்கமெண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்."

"அவர் என்ன சொன்னவர்?"

"என்னத்தைச் சொல்லுறது? 'அவ கொன்வென்றில படிச்சவ' எண்டு பெருமையாச் சொல்லுவார்."

தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் போன பிறகு வெளியே இறங்கி, கம்பளி நூல் விற்கிற கடைகளைத் தேடிப் போனேன். சிவப்பு நூல் கிடைத்தது, ஆனால் நான் வாங்கினது நீலம். ஹெலன் கைப்பிடியையும் சிவப்பாகவே தைத்திருந்தார். அது பிழை. அப்பாவின் உண்மையான வாளியின் கைப்பிடி வாங்கிய கொஞ்ச நாளிலேயே உடைந்துபோயிற்று. நீல நைலோன் கயிறு கட்டி, உள்ளங்கையை அறுக்காமல் இருக்க அதன் மேல் என் பழைய சேலைக் கரையைச் சுற்றித் தைத்துக் கொடுத்தவள் நான். அவரை ஒளித்துவைத்ததும் நான்தான், அவருடைய கை நோகக் கூடாது என்று தைத்ததும் நான்தான். எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எமிலிக்குச் சொல்.

நீலக் கைப்பிடியைத் தைத்து முடித்துவிட்டேன். அடித்துணியையும் மூட்டிவிட்டேன். ஹெலனின் தையலுக்குப் பக்கத்தில் என்னுடையது இறுக்கமாகத் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. டவுன் ஹோலை நிறுத்து. பாதிரியாரிடம் போய், வைகாசியில் அந்தக் கோயிலிலேயே நாள் கேள். ஹெலனிடம், உங்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை, அம்மா பொய்க் காரணம் சொன்னா என்று, இந்தச் சொற்களிலேயே சொல். நான் வரும்வரைக்கும் அந்தக் கொளுக்கியில் வேறு எதையும் மாட்ட விட வேண்டாம்.

கைம்பெண் நான், கலியாணத்தன்று பின்னால் ஒரு மூலையில் இருக்கிறேன் என்று முன்பு சொல்லியிருந்தேன். அதையும் விட்டுவிடு. ஹெலனும் கைம்பெண்தான், மகளைக் கையில் பிடித்து அந்த நடுப்பாதை வழியே கொண்டுவரப் போகிறவரும் அவர்தான். நான் முன் வாங்கில் வாளிக்கு நேரே இருப்பேன். எல்லோரும் முழந்தாளிடும்போது அந்தப் பெயரின் மேல் நானும் முழந்தாளிடுவேன். எழும்புவது இனி என்னால் தனியே முடியாத காரியம். ஒரு பக்கம் நீ கை கொடு. மற்றப் பக்கத்துக்கு ஹெலனை வரச் சொல்.

அம்மா